செல்போனா? கேமராவா? ஒரு பனியன் ஊர் விசாரணை

– மூன்றாமாண்டு மாணவன், டெக்ஸ்டைல் டெக்னாலஜி

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் ஹாஸ்டல் ரூமுக்கு வந்து, "மச்சி, கவிதை மட்டும் குடுத்துடாத. ஏற்கனவே நாப்பது வந்து கெடக்கு. உருப்படியா ஒரு கட்டுரை எழுதிக் குடு" என்றான். (அந்த நாற்பதில் முப்பத்தெட்டு காதல் தோல்வி என்று கேள்வி!) சரி, ஒரு வருடமாக என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் கேட்கும் கேள்விக்கே பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். "படம் எடுக்க நல்ல செல்போனா வாங்கறதா, தனியா கேமரா வாங்கறதா?" என்பதுதான் கேள்வி.

கல்யாண வீட்டுக்கும் ஊட்டி டூருக்கும் எது நல்லது என்று கேட்டால் என்னை விடுங்கள், ஊரில் நூறு பேர் சொல்வார்கள். நான் சொல்லப்போவது நம் தொழிலுக்கு. திருப்பூரில் ஒரு நாளைக்கு எடுக்கப்படும் படங்களில் பாதி துணியாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். சாம்பிள் படம், ஓட்டை விழுந்த துணியின் படம், காதர்பேட்டைக் கடையிலிருந்து வெளியூர் வியாபாரிக்குப் போகும் டி-ஷர்ட் படம், பையருக்குப் போகும் பேக்கிங் படம்... எல்லாம் போனில்தான். நானும் அப்படித்தான் ஒரு படம் எடுத்தேன். அதிலிருந்துதான் இந்த விசாரணையே ஆரம்பம்.

போன வருடம் டிரெயினிங்குக்கு ஒரு சின்ன யூனிட்டுக்குப் போயிருந்தேன். (பெயர் வேண்டாம். அவர்கள் என்னை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள்.) பிஸ்தா பச்சையில் ஒரு ஆர்டர். பையர் லேப் டிப்பை ஓகே செய்துவிட்டார். ஓகே ஆன அந்தத் துணித்துண்டு சாயப்பட்டறைக்குப் போக வேண்டும். வண்டி எடுக்க ஆள் இல்லை, நேரமும் இல்லை. "தம்பி, போட்டோ எடுத்து அனுப்பிச்சு விடுங்க. அவிங்களுக்கு இந்த ஷேடு பழக்கந்தானுங்க" என்றார் மெர்ச்சன்டைசர் அண்ணன். நான் டியூப் லைட்டுக்குக் கீழே, மேஜை மேல் வைத்து, பளிச்சென்று ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

180 கிலோ துணி. காம்பாக்டிங் முடிந்து வந்ததும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தார்கள். டி65 வெளிச்சத்தில் லேசாக மஞ்சள் அடித்தது. டிஎல் 84-க்கு மாற்றியதும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவு வித்தியாசம். மொத்த லாட்டையும் கருப்புக்குப் போட்டார்கள். பிஸ்தாவுக்கு மறுபடி துணி ஓட்ட வேண்டியதாயிற்று. செக்கிங்கில் இருந்த அக்காமார்களுக்கு இரண்டு நாள் ஷிப்ட் இல்லை. இரண்டு நாள் ஷிப்ட் இல்லையென்றால் அந்த வாரச் சம்பளத்தில் அப்படியே குறையும் என்பது உங்களுக்கே தெரியும். மூன்றாம் நாள் வந்தபோது ஓர் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "படம் நல்லாத்தான் வந்துச்சாமா தம்பி, துணிதான் நல்லா வரலீங்களாமா."

இதோடு தண்ணீர்க் கணக்கு வேறு. நொய்யல் வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், பிறகு சாயக்கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை மறுபடி ஓட ஆரம்பித்ததும் நமக்குப் பாடத்திலேயே உண்டு. ஒரு லாட்டை இரண்டாம் முறை சாயமேற்றினால் அந்தத் தண்ணீரையும் உப்பையும் இரண்டாம் முறை சுத்திகரிக்க வேண்டும். எல்லாம் என் ஒரு போட்டோவால்.

அன்றைக்கு எனக்குத் தோன்றிய முதல் எண்ணம்: "போன் கேமரா இல்லாமல் நல்ல கேமராவாக இருந்திருந்தால்?" என்னிடம் 22,000 ரூபாய் சேர்ந்திருந்தது. உடனே கேமராக் கடைக்குப் போகாமல் கொஞ்சம் படித்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

முதலில் அடிப்படை. கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கான் சென்சாருக்கு நிறம் தெரியாது! எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும்தான் தெரியும். அதன் தலையில் குட்டிக் குட்டிக் கலர் வடிகட்டிகளைச் சதுரங்கப் பலகை போல ஒட்டி வைத்திருக்கிறார்கள். நான்கு கட்டம் எடுத்தால் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் பேட்டன்ட் வாங்கிய முறை இது. இன்றைக்கும் பத்தாயிரம் ரூபாய் போன் முதல் இரண்டு லட்ச ரூபாய் கேமரா வரை பெரும்பாலும் இதே கதைதான். 24 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்தால் அதில் 12 பச்சை, 6 சிவப்பு, 6 நீலம். மிச்சமெல்லாம் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துப் போடும் உத்தேசக் கணக்கு. (பரீட்சை ஹாலில் நாம் செய்வதுதான்.)

ஆகக் கடைசியில் ஒரு புள்ளியின் நிறத்தைக் கேமரா மூன்று எண்களில் சொல்கிறது. நம் லேபில் இருக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ன செய்கிறது? 400 நானோமீட்டரில் ஆரம்பித்து 700 வரை, பத்துப் பத்தாக, 31 இடத்தில் அளக்கிறது. 31 எண்களை மூன்றாகச் சுருக்கினால் வேறு வேறு துணிகள் ஒரே மாதிரித் தெரிய வாய்ப்பு உண்டு. இரண்டு சாயக் கலவைகள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரிவதை மெட்டாமெரிசம் என்று படித்தோமே, அதேதான். டி65 என்பது 6500 கெல்வின் பகல் வெளிச்சம். டிஎல் 84 என்பது ஐரோப்பியக் கடைகளில் இருந்த 4000 கெல்வின் டியூப் லைட். பையர் இரண்டிலும் பார்ப்பார். படமோ ஏதோ ஒரு வெளிச்சத்தில் எடுத்தது. அதற்கு மேல் அந்தப் படம் சாயப்பட்டறைக்காரரின் போன் திரையில், அவர் வைத்திருக்கும் பிரைட்னஸில் தெரிகிறது.

எனவே, இரண்டு லட்ச ரூபாய் கேமராவாக இருந்தாலும் அந்த 180 கிலோவைக் காப்பாற்றியிருக்காது. தப்பு என் போனில் இல்லை. படத்தை வைத்து ஷேடு பார்த்ததில்தான். இது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆயிற்று.

அப்படியானால் எதில் எடுத்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே? இல்லை நண்பர்களே, இங்கேதான் இரண்டும் பிரிகின்றன.

எங்கள் துறையில் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா இருக்கிறது. அதையும் என் போனையும் பக்கத்தில் வைத்து, ரோஸ் நிற சிங்கிள் ஜெர்சி ஒன்றை மாற்றி மாற்றி எடுத்தேன். துணியை வெள்ளை மேஜையில் வைத்து எடுத்தால் போனில் ஒரு ரோஸ். நீல மேஜை விரிப்பில் வைத்தால் வேறு ரோஸ். படம் முழுக்கத் துணியே தெரிகிற மாதிரிக் கிட்டப் போனால் ரோஸ் வெளிறிப் போய்ச் சாம்பல் கலந்த மாதிரி ஆகிவிட்டது! காரணம், போன் தானாக வெள்ளையைத் தேடுகிறது. வெள்ளை எதுவும் கண்ணில் படவில்லை என்றால், "இவ்வளவு ரோஸ் எங்கேயும் இருக்காது, லைட்தான் ரோஸாக இருக்க வேண்டும்" என்று முடிவு கட்டி நிறத்தைக் குறைத்துவிடுகிறது. டிஎஸ்எல்ஆரையும் ஆட்டோவில் விட்டால் இதே சேட்டையைச் செய்யும். ஆனால் அதில் வெளிச்சத்தின் கெல்வினை ஒருமுறை பூட்டிவிட்டால் அசையாது. காலையில் எடுத்த முதல் படமும் மாலையில் எடுத்த எண்பதாவது படமும் ஒரே மாதிரி இருக்கும், லைட்டை நீங்கள் மாற்றாதவரை.

நியாயமாகச் சொன்னால், இன்றைக்குப் பல போன்களில் புரோ மோடு இருக்கிறது. அதில் வெள்ளையையும் ஐஎஸ்ஓவையும் ஷட்டரையும் பூட்டலாம். எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

அடுத்தது நம் ஊர்ப் பிரச்சனை, வெள்ளை பனியன். எந்தக் கேமராவின் மீட்டரும் உலகம் சராசரியாகச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்கிறது. வெள்ளை பனியனைக் காட்டினால் "அம்மாடி, எவ்வளவு வெளிச்சம்!" என்று குறைத்து, அழுக்கு பனியனாக்கிவிடும். கருப்பு டி-ஷர்ட்டைக் காட்டினால் வெளிச்சத்தைக் கூட்டி, நாலு துவைப்பு துவைத்த மாதிரி காட்டும். வெள்ளைக்கு எக்ஸ்போஷரை ஒன்றோ ஒன்றரையோ ஸ்டாப் கூட்ட வேண்டும், கருப்புக்குக் குறைக்க வேண்டும். போனில் இதற்கு விரலால் இழுக்கிற சூரியன் அடையாளம் போதும்.

இன்னொன்று. வெள்ளைக்கு அளவாக ஒரு வெள்ளை பனியனையோ ஜெராக்ஸ் பேப்பரையோ வைத்துக் கேமராவைச் செட் பண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டிலும் ஆப்டிகல் பிரைட்டனர் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அல்ட்ராவயலட்டை வாங்கி நீலமாகத் திருப்பி விடும் சரக்கு அது. அதை "வெள்ளை" என்று கேமராவுக்குச் சொன்னால் மற்ற நிறமெல்லாம் மஞ்சள் பக்கம் சாயும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிரே கார்டு ஒன்று போதும்.

டியூப் லைட்டுக்கு வருகிறேன். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் டியூப் லைட்டும் மட்டமான எல்இடியும் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். நிட்டிங் பாடம் படித்தவனுக்கு அதைப் பார்த்ததும் "பாரே" என்று தோன்றிவிடும்! துணியில் இல்லாத பட்டையைப் படத்தில் கண்டு நிட்டிங்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு விநாடி வைத்தால் போய்விடும்.

அடுத்து, துணியில் அலை அலையாகக் கோலம் விழுவது. மோய்ரே என்பார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கவுண்டிங் கிளாஸ் வைத்து என் டி-ஷர்ட்டை எண்ணினேன். அங்குலத்துக்கு 36 வேல்ஸ். கையோடு சேர்த்து அகலம் 32 அங்குலம். 12 மெகாபிக்சல் போன் படத்தை நெட்டுக்கு எடுத்தால் அகலம் 3000 பிக்சல். 3000-ஐ 32-ஆல் வகுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 94 பிக்சல். அதை 36-ஆல் வகுத்தால் ஒரு வேல்ஸுக்கு 2.6 பிக்சல். ஒரு கோட்டைப் பிடிக்கக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். ஆனால் சிவப்பும் நீலமும் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம்தானே இருக்கின்றன? அவற்றுக்கு நான்கு வேண்டும். பற்றாக்குறை! அதனால்தான் சாம்பல் நிறத் துணியில் ரோஸும் பச்சையுமாக அலை தெரிகிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் அகலம் 4000 பிக்சல், வேல்ஸுக்கு சுமார் 3.5. தேவலை, ஆனால் நான்கு இல்லை. ஆக இதில் கேமராவுக்கும் முழு வெற்றி கிடையாது. ஓரடி முன்னே பின்னே போங்கள், அல்லது கொஞ்சம் சாய்த்து எடுங்கள், பெரும்பாலும் மறையும். அனுப்பும்போது படத்தை 1200 பிக்சலுக்குச் சுருக்கினால் வேல்ஸுக்கு ஒரே ஒரு பிக்சல்தான் மிஞ்சும். எடுக்கும்போது இல்லாத கோலம் அங்கே வந்து சேரலாம். டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்காது.

கழுத்து பெரிதாகவும் அடிப்பக்கம் சின்னதாகவும் தெரியும் டி-ஷர்ட் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது லென்ஸின் குற்றம் என்பதைவிட, கிட்டத்தில் நின்று எடுத்ததன் குற்றம். போனின் மெயின் லென்ஸ் அகலமாகப் பார்ப்பதால் நாம் கிட்டப் போகிறோம். தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் அளவு சரியாக வரும்.

கேமரா ஜெயிக்கிற இடம் எது என்று கேட்டால் நான் நிட்டிங் மிஷினைத்தான் சொல்வேன். என் புராஜெக்ட்டுக்கு ஓடுகிற மிஷினில் ஊசிகளைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. 30 அங்குல டயா, 24 கேஜ், நிமிடத்துக்கு 25 சுற்று. சுற்றளவு 2.39 மீட்டர். அதை 25-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் ஊசி விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது. மங்கலான ஹாலில் போன் தானாக 50-இல் ஒரு பங்கு விநாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் ஊசி இரண்டு சென்டிமீட்டர் போய்விடும். 1000-இல் ஒரு பங்கு வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் நகரும். 24 கேஜில் ஊசிக்கு ஊசி இடைவெளியே 1.06 மில்லிமீட்டர்தான். ஒரு ஊசி அடுத்த ஊசியின் இடத்துக்கு வந்துவிடுகிறது. படத்தில் வெறும் வெள்ளிப் பட்டைதான் தெரியும்.

கேமரா தலையில் மாட்டும் பிளாஷ் இதற்கு வழி செய்கிறது. அதன் பவரை நன்றாகக் குறைத்து வைத்தால் 10,000-இல் ஒரு பங்கு விநாடி அளவுக்குத்தான் மின்னும். ஊசி நகர்வது 0.1 மில்லிமீட்டர். நூல் கொக்கியில் விழுவது அப்படியே சிலை மாதிரி நின்றது! ஸ்ட்ரோபோஸ்கோப்பில் ஸ்பிண்டில் பார்ப்போமே, அதே சூத்திரம்தான். போனில் இருப்பது எல்இடி டார்ச்; அதனால் இது முடியாது. (ஆபரேட்டர் அண்ணனிடம் சொல்லிவிட்டு, கார்டுக்கு வெளியே நின்றுதான் எடுக்க வேண்டும். திடீரென்று முகத்தில் பிளாஷ் அடித்தால் திட்டு விழும், விழுந்தது.)

சென்சார் அளவும் ஒரு காரணம். சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சார் 23.5 க்கு 15.6 மில்லிமீட்டர். போனில் பலவற்றில் 6.4 க்கு 4.8 அளவுதான். பரப்பளவில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். மழையில் அண்டாவை வைப்பதற்கும் டம்ளரை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். போன் இதைச் சமாளிக்க ஒரு தந்திரம் செய்கிறது. ஒரே அமுக்கலில் பல படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, புள்ளிகளைத் துடைத்து, ஓரங்களைக் கூர்மையாக்கித் தருகிறது. அசையாத துணிக்கு இது பிரமாதம்.

ஆனால் துடைக்கும்போது எதைத் துடைக்கிறது என்பது நமக்குத் தெரியாது. 2023 மார்ச்சில் ஒருவர் கம்ப்யூட்டர் திரையில் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்து, சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் படம் எடுத்தார். போன், மங்கல் படத்தில் இல்லாத பள்ளங்களோடு தெளிவான நிலாவைக் கொடுத்தது! நிலாவை அடையாளம் கண்டு விவரத்தைக் கூட்டுகிறோம் என்று கம்பெனியே விளக்கம் சொன்னது. நிலாவுக்குப் பரவாயில்லை. மெல்லிய பாரே, லேசான நீடில் லைன் இவற்றைப் போன் "அழுக்கு" என்று நினைத்துத் துடைத்துவிட்டால்? ரா ஃபைல் எடுக்கும் கேமராவில் இந்தக் கவலை குறைவு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. வெளிர் நிறத்தில் மெல்லிய பட்டையைத் தேட அந்தப் படிகள் உதவுகின்றன.

இத்தனை சொன்னதால் போனை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். செக்கிங் டேபிளில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று வந்தால் அந்த நிமிடமே ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்ப போனைவிட வேறொன்று கிடையாது. அங்கே நிறம் முக்கியமில்லை, எந்த ரோல், எத்தனை சென்டிமீட்டர் என்பதே முக்கியம். மேலும் நிட்டிங் ஹாலில் பறக்கும் பஞ்சு இருக்கிறதே, அது போனை ஒன்றும் செய்யாது. நான் ஒருமுறை மிஷின் பக்கத்தில் நின்று கேமரா லென்ஸைக் கழற்றி மாட்டினேன். அதற்கப்புறம் எடுத்த எல்லாப் படத்திலும் மேல் மூலையில் ஒரு முடி! சென்சாரில் உட்கார்ந்த பஞ்சு. எச்ஓடி சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இனிப் பணம். உலகம் முழுக்க 2010-இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கம்பெனிகளிலிருந்து வெளியே போயின. 2023-இல் சுமார் 77 லட்சம்தான். மிச்சத்தைப் போன் சாப்பிட்டுவிட்டது. முதல் டிஜிட்டல் கேமராவை 1975-இல் செய்து பார்த்த கோடாக்கே 2012-இல் திவால் மனு கொடுத்தது. பக்கத்தில் ஊட்டியில் 1960-இல் ஆரம்பித்து 'இந்து' பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் ஓய்ந்துவிட்டது. ஆனால் இதில் நமக்கு ஒரு லாபம். ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழைய டிஎஸ்எல்ஆர்கள் விலை இறங்கிக் கிடக்கின்றன. பழசு வாங்கும்போது லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

என் 22,000 என்ன ஆயிற்று? முதலில் கேமரா வாங்கவில்லை. நல்ல நிறம் காட்டும் எல்இடி விளக்கு இரண்டு, ஒரு ஸ்டாண்ட், ஒரு கிரே கார்டு. போனை ஸ்டாண்டில் மாட்டி, புரோ மோடில் பூட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் காதர்பேட்டைக் கடை ஒன்றுக்கு டி-ஷர்ட் படம் எடுத்துக் கொடுத்தேன். நாலு மாதம் அதிலேயே ஓடியது. கடைக்காரர் ஒரு குறையும் சொல்லவில்லை. புராஜெக்ட்டில் ஊசிப் படம் வந்தபோதுதான் மிச்சப் பணத்தோடு அந்த வருமானத்தையும் சேர்த்து, பிளாஷோடு ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கினேன். உங்களுக்கு ஓடும் மிஷினையோ நூற்றுக்கணக்கான டிசைன்களையோ எடுக்கும் வேலை இல்லையென்றால், இருக்கிற போனோடு விளக்கை வாங்குங்கள். புதுப் போனுக்கு இஎம்ஐ கட்ட வேண்டாம்.

அந்த யூனிட்டுக்கு இப்போதும் லீவில் போய் வருகிறேன். ஓகே ஆன சுவாட்ச்சை வெளிச்சம் படாத கவரில் போட்டு, பைக்கில் நானே சாயப்பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். "போட்டோ அனுப்பலீங்களா தம்பி?" என்று அந்த அக்கா மட்டும் விடாமல் கேட்கிறார்.

புராஜெக்ட்டுக்குக் கேமரா வேண்டுமென்கிற ஜூனியர்கள் ஹாஸ்டலில் வந்து வாங்கிக்கொள்ளலாம். பேட்டரியை சார்ஜ் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். லென்ஸை மட்டும் நிட்டிங் லேபில் கழற்றிவிடாதீர்கள், கும்பிடுகிறேன்.